நீதிமன்றம் ஏறிய பரிணாமம்

2005 ஜனவரியில், அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் டோவர் என்ற சிற்றூரின் உயர்நிலைப் பள்ளியில், ஒன்பதாம் வகுப்பு உயிரியல் பாடவேளையில் பள்ளி நிர்வாகிகள் உள்ளே வந்து நான்கு பத்தி அறிக்கை ஒன்றை வாசித்துவிட்டுப் போனார்கள். டார்வினின் பரிணாமக் கோட்பாடு ஒரு கோட்பாடு மட்டுமே. அதில் ஆதாரமில்லாத இடைவெளிகள் உள்ளன. உயிர்களின் தோற்றத்துக்கு ‘அறிவார்ந்த வடிவமைப்பு’ என்று வேறொரு விளக்கமும் இருக்கிறது. அதை அறிய விரும்பும் மாணவர்கள் பள்ளியில் வைக்கப்பட்டிருக்கும் ‘பாண்டாக்களும் மனிதர்களும்’ என்ற புத்தகத்தைப் படிக்கலாம். சாரம் இவ்வளவுதான். வாசித்து முடிக்க ஒன்றிரண்டு நிமிடம் போதும். அதைப் பற்றி வகுப்பில் கேள்வி கேட்கவோ விவாதிக்கவோ கூடாது என்றும் முடிவாகியிருந்தது.

அதை வாசித்திருக்க வேண்டியவர்கள் உயிரியல் ஆசிரியர்கள். அவர்கள் மறுத்துவிட்டார்கள். தெரிந்தே ஒரு பாடத்தைத் திரித்துச் சொல்லக் கூடாது என்பது அந்த மாநில ஆசிரியர்களுக்கான நடத்தை விதி. அறிவியல் அல்லாத ஒன்றை அறிவியல் என்று மாணவர்கள் நம்பும்படி செய்ய எங்களால் முடியாது என்று எழுதியே கொடுத்தார்கள். தங்களுக்குச் சம்பளம் தரும் வாரியத்திடம் ஒரு சிற்றூர்ப் பள்ளியின் ஆசிரியர்கள் இப்படி நிமிர்ந்து சொன்னது சின்ன விஷயமில்லை. இந்தக் கதையில் நான் முதலில் வணங்குவது அவர்களைத்தான்.

அறிக்கையை வாசிக்க வேண்டும் என்பதற்கு அடிப்படையான தீர்மானத்தை அவ்வூர்ப் பள்ளி வாரியம் 2004 அக்டோபர் 18 அன்று 6-க்கு 3 என்ற வாக்கில் நிறைவேற்றியிருந்தது. டிசம்பரில் 11 பெற்றோர் வழக்குத் தொடுத்தார்கள். ‘கிட்ஸ்மில்லர் எதிர் டோவர்’ என்று பெயர் பெற்ற அந்த வழக்கு, 2005 செப்டம்பர் 26 முதல் நவம்பர் 4 வரை மாநிலத் தலைநகரான ஹாரிஸ்பர்கின் கூட்டாட்சி நீதிமன்றத்தில் நடந்தது.

பரிணாமம் என்று பேச்செடுத்தாலே, அது அறிவியலுக்கும் மதத்துக்கும் நடக்கும் சண்டை என்று ஒரே வரியில் சொல்லிப் பழகிவிட்டோம். அந்த ஒரு வரியைப் பிரித்துப் போட்டது டோவர் வழக்கு. அறிவியலுக்குள்ளேயே நடக்கும் சண்டை எது, அறிவியலின் உடையைப் போட்டுக்கொண்டு வெளியிலிருந்து நடத்தப்படும் சண்டை எது என்பது அங்கே சத்தியப் பிரமாணம் செய்த சாட்சிகளின் வாயிலாகவே வெளிவந்தது. இரண்டையும் குழப்பிக்கொள்வதால் நஷ்டப்படுவது பதினான்கு வயதுப் பிள்ளைகள்தான் என்பதால், அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசைப்படுகிறேன்.

முதலில் உள்வீட்டுச் சண்டை. டார்வினின் ‘உயிரினங்களின் தோற்றம்’ 1859 நவம்பரில் வெளியானபோது அதற்கு வந்த மிகக் கூர்மையான எதிர்ப்புகளில் இரண்டு இயற்பியலும் பொறியியலும் படித்தவர்களிடமிருந்து வந்தவை. பின்னாளில் கெல்வின் பிரபு ஆன வில்லியம் தாம்சன், உருகிய நிலையில் தொடங்கிய பூமி இன்றுள்ள வெப்பநிலைக்கு ஆற எவ்வளவு காலம் பிடிக்கும் என்று 1862-இல் கணக்கிட்டார். 2 கோடி ஆண்டுகளுக்குக் குறையாது, 40 கோடி ஆண்டுகளுக்கு மிகாது என்றார். பிற்பாடு அதையும் சுருக்கி 2 முதல் 4 கோடிக்குள் கொண்டுவந்தார். மெல்ல மெல்ல நிகழும் இயற்கைத் தேர்வுக்கு அந்தக் காலம் போதவே போதாது. டார்வின் உண்மையாகவே கலங்கினார். 1867-இல் பொறியாளர் ஃப்ளீமிங் ஜென்கின் இன்னொரு கேள்வியைப் போட்டார். தாய் தந்தை பண்புகள் பிள்ளையிடம் கலந்துவிடுகின்றன என்றுதான் அன்று பலரும் நம்பினார்கள். அப்படியானால் ஓர் உயிரிடம் புதிதாகத் தோன்றும் நல்ல பண்பு, அடுத்த தலைமுறையில் பாதியாகி, அதற்கடுத்ததில் காலாகி, கரைந்தே போய்விடுமே. இயற்கை எதைத் தேர்ந்தெடுக்கும்?

இரண்டுமே நேர்மையான கேள்விகள். இரண்டுக்கும் பதில் ஆய்விலிருந்தே வந்தது. கெல்வினிடம் முன்பு உதவியாளராக இருந்த ஜான் பெர்ரி 1895-இல், பூமியின் உட்பகுதி வெப்பத்தைக் கடத்தும் விதம் பற்றிக் குருநாதர் வைத்த அனுமானமே பிழை என்று காட்டினார். பிறகு கதிரியக்கம் கண்டறியப்பட்டு, பாறைகளின் வயதை அதைக்கொண்டே அளக்கும் முறை வந்தது. 1956-இல் கிளேர் பேட்டர்சன் பூமியின் வயது 455 கோடி ஆண்டுகள் என்று நிறுவினார். ஜென்கினின் கேள்விக்கான பதிலோ, அவர் கேட்பதற்கு முந்தைய ஆண்டே அச்சாகியிருந்தது. பிர்னோ நகர மடமொன்றில் பட்டாணிச் செடி வளர்த்த கிரிகோர் மெண்டல், பண்புகள் கரைவதில்லை, தனித்தனிக் கூறுகளாகவே தலைமுறை தாண்டிச் செல்கின்றன என்று 1866-இல் எழுதியிருந்தார். உலகம் அதைக் கவனிக்க 1900 ஆனது. மரபியலையும் இயற்கைத் தேர்வையும் கணிதத்தால் இணைத்தவர்களில் ரொனால்ட் ஃபிஷர் ஆங்கிலிக்கன் சபையில் நம்பிக்கை உள்ளவர், ஜே.பி.எஸ். ஹால்டேன் நாத்திகர், மார்க்சியர். கணக்கை ஈக்களின் மரபியலோடு பொருத்திக் காட்டிய தியோடோசியஸ் டோப்ழான்ஸ்கி கீழைத் திருச்சபையின் கிறித்தவர். மெண்டல் துறவி, பின்னாளில் மடத்தலைவர். இவர்களின் சமன்பாடுகளில் மட்டும் மதம் தெரியாது.

மதத்தின் பக்கமும் ஒரே குரல் இருந்ததில்லை. 1860-இல் ஆக்ஸ்ஃபோர்டில் பிஷப் வில்பர்ஃபோர்ஸும் தாமஸ் ஹக்ஸ்லியும் மோதிக்கொண்ட கதையை எல்லோரும் சொல்வார்கள். யார் என்ன சொன்னார் என்பதற்கு அன்று எழுதிவைத்த முழுப் பதிவு கிடையாது. வசனங்கள் பலவும் பல ஆண்டுகள் கழித்து நினைவிலிருந்து எழுதப்பட்டவை. அதே காலத்தில் பாதிரியார் சார்லஸ் கிங்ஸ்லி டார்வினின் நூலை வரவேற்றார். அமெரிக்காவில் டார்வினுக்காக முன்நின்று வாதாடிய ஹார்வர்டு தாவரவியலாளர் ஏசா கிரே ஆழ்ந்த கிறித்தவ நம்பிக்கை உடையவர். இந்தப் பெயர்கள் அந்தக் கதை அளவுக்குப் பரவவில்லை.

சண்டை பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்தது அமெரிக்காவில். மனிதன் கீழ்நிலை விலங்கிலிருந்து வந்தவன் என்று அரசுப் பள்ளிகளில் கற்பிப்பதை 1925-இல் டென்னசி மாநிலம் தடை செய்தது. அவ்வாண்டு ஜூலையில் டேட்டன் நகரில் ஜான் ஸ்கோப்ஸ் என்ற இளம் ஆசிரியர் மீது நடந்த வழக்கும், அவருக்கு விதித்த 100 டாலர் அபராதமும் உலகப் புகழ் பெற்றவை. இத்தகைய தடைச் சட்டங்கள் அரசமைப்புக்கு முரண் என்று 1968-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அடுத்து, பரிணாமம் கற்பித்தால் அதற்குச் சமமாகப் ‘படைப்பு அறிவியலும்’ கற்பிக்க வேண்டும் என்று லூசியானா சட்டம் போட்டது. அது மதப் போதனையே என்று 1987-இல் உச்ச நீதிமன்றம் அதையும் தள்ளியது. அரசுப் பள்ளியில் எந்த மதத்தையும் முன்னிறுத்தக் கூடாது என்பது அந்நாட்டு அரசமைப்பின் முதல் திருத்தத்துக்கு நீதிமன்றங்கள் தந்த பொருள்.

1987 என்ற ஆண்டு முக்கியம். டோவர் வழக்கின் திருப்பமே அதில் இருக்கிறது.

பெற்றோர் தரப்புச் சாட்சிகளில் ஒருவரான பார்பரா ஃபாரஸ்ட் லூசியானாவில் தத்துவம் கற்பித்த பேராசிரியை. ‘பாண்டாக்களும் மனிதர்களும்’ 1989-இல் வெளிவருவதற்கு முன்பு எழுதப்பட்ட பல கைப்பிரதிகளை நீதிமன்ற ஆணையின் பேரில் பெற்று, அவற்றை அடுத்தடுத்து வைத்துப் படித்தார். தொடக்கப் பிரதிகளில் படைப்பு, படைப்புவாதிகள் என்றே நெடுக எழுதியிருக்கிறது. உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிந்தைய பிரதியில் அந்த இடங்களில் அறிவார்ந்த வடிவமைப்பு என்றும், வடிவமைப்பின் ஆதரவாளர்கள் என்றும் மாறியிருக்கிறது. விளக்கவரையறை வாக்கியம் அப்படியே இருக்கிறது. மீன்கள் துடுப்போடும் செதிலோடும், பறவைகள் இறகோடும் அலகோடும் தொடக்கத்திலேயே முழுமையாகத் தோன்றின என்ற அதே கூற்று. எழுவாய் மட்டும் புதிது. ஏறத்தாழ 150 இடங்களில் இந்த மாற்றம். ஓரிடத்தில் மாற்றியவரின் கை தவறிவிட்டது: ‘கிரியேஷனிஸ்ட்ஸ்’ என்பதை அழித்து ‘டிசைன் புரொப்போனென்ட்ஸ்’ என்று எழுதப்போன இடத்தில், பழைய சொல்லின் தலையும் வாலும் அழியாமல் ஒட்டிக்கொண்டு ‘சிடிசைன் புரொப்போனென்ட்சிஸ்ட்ஸ்’ என்று பொருளே இல்லாத ஒரு சொல் உருவாகிக் கிடந்தது. இரண்டுக்கும் இடைப்பட்ட உருவம். இது படைப்புவாதம் அல்ல, புதிய அறிவியல் என்ற வாதத்தின் அடித்தளத்தையே அந்த ஒரு வரி ஆட்டிவிட்டது.

சரி, புத்தகத்தின் பிறப்பு எப்படி இருந்தாலும், அதில் உள்ள அறிவியல் வாதம் சரியாக இருக்கலாமே என்று நியாயமாகவே கேட்கலாம். நீதிமன்றமும் கேட்டது. அதற்கு வாரியத் தரப்பில் பதில் சொல்ல வந்தவர் லீஹை பல்கலைக்கழக உயிர்வேதியியலாளர் மைக்கேல் பீஹி. பூமி பழமையானது என்பதை அவர் ஏற்கிறார். மனிதனுக்கும் குரங்குக்கும் பொது மூதாதை உண்டு என்பதையும் ஏற்கிறார். அவரது வாதம் வேறு. உயிரணுவுக்குள் சில அமைப்புகள் இருக்கின்றன. எலிப்பொறியில் ஒரு பாகத்தைக் கழற்றினாலும் எலி சிக்காது என்பதுபோல, அவற்றில் ஒரு பாகம் குறைந்தாலும் முழு அமைப்பும் வேலை செய்யாது. அரைகுறைப் பொறியால் பயனில்லை என்றால், படிப்படியாகத் தேர்ந்தெடுக்கும் இயற்கைத் தேர்வால் அதை உருவாக்க முடியாது. ஆகவே அதை யாரோ வடிவமைத்திருக்க வேண்டும்.

அவர் காட்டிய முதன்மை எடுத்துக்காட்டு பாக்டீரியாவின் கசையிழை. அது வியக்க வேண்டிய ஒன்றுதான். கண்ணுக்குத் தெரியாத ஒரு நுண்ணுயிரின் உடற்சுவரில் பதிந்த சுழல் மோட்டார். அதில் அச்சு, வளையங்கள், அச்சைத் தாங்கும் பகுதி, வளைந்த இணைப்பு, நீண்ட இழை. நொடிக்குச் சில நூறு முறை சுழலும், நினைத்தால் திசையை மாற்றும். அதைக் கட்ட நாற்பது மரபணுக்கள் வரை தேவைப்படுகின்றன. படத்தைப் பார்க்கும் எவருக்கும் இது தானாக வந்திருக்குமா என்று தோன்றும். அந்த வியப்பை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். உயிரியலைப் படிக்க வைப்பதே அந்த வியப்புதான்.

ஆனால் வாதம் சோதனைக்கு உட்பட்டது, அதில் தோற்றது. பெற்றோர் தரப்பின் முதல் சாட்சி பிரவுன் பல்கலைக்கழக உயிரியலாளர் கென்னத் மில்லர். கசையிழையின் பெரும்பாலான புரதங்களை எடுத்துவிட்டு, அடிப்பகுதியில் மிஞ்சும் பத்துப் புரதங்களைப் பாருங்கள் என்றார். கொள்ளைநோய் உண்டாக்கும் எர்சினியா முதலான பாக்டீரியாக்களில், நச்சுப் புரதங்களை நம் உயிரணுவுக்குள் செலுத்தும் ஊசி போன்ற உறுப்பு ஒன்று உண்டு. மூன்றாம் வகைச் சுரப்பு அமைப்பு என்பார்கள். அதன் புரதங்களும் இந்தப் பத்தும் உறவுக்காரர்கள். பாகம் குறைந்த கசையிழை நீந்தாது. வேறொரு வேலையைச் செய்யும். இதிலிருந்து ஊசிதான் கசையிழையாக மாறியது என்று முடிவுகட்டிவிடக் கூடாது. கசையிழையிலிருந்தே ஊசி வந்தது என்று கருதுவோர் ஆய்வாளர்களிடையே நிறைய. ஆனால் பீஹியின் வாதம் நிற்க, குறைந்த பாகங்களுக்கு எந்தப் பயனும் இருக்கக் கூடாது. பயன் இருக்கிறது. இரத்தம் உறைதலும் அவர் பட்டியலில் இருந்தது. மனிதரின் உறைதல் தொடரில் இடம்பெறும் பன்னிரண்டாம் காரணி டால்பின்களுக்குக் கிடையாது, அவற்றின் இரத்தம் நன்றாகவே உறைகிறது. மில்லர் எலிப்பொறியின் சில பாகங்களைக் கழற்றிவிட்டு மிச்சத்தைக் கழுத்துப்பட்டைக் கொக்கியாக அணிந்து காட்டினார்.

குறுக்கு விசாரணையில் இன்னும் இரண்டு வெளிவந்தன. பீஹி தரும் வரையறையின்படி சோதிடமும் அறிவியல் கோட்பாட்டில் சேருமா என்று கேட்டபோது, சேரும் என்று அவர் ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. நோயெதிர்ப்பு மண்டலம் பரிணாமத்தில் எப்படி உருவானது என்பதற்கு அறிவியல் இலக்கியத்தில் பதில் இல்லை என்று அவர் எழுதியிருந்தார். வழக்கறிஞர் அப்பொருள் பற்றிய 58 ஆய்வுக் கட்டுரைகளையும் பல புத்தகங்களையும் அவர் முன் அடுக்கினார். பெரும்பாலானவற்றை அவர் படித்திருக்கவில்லை. அவை போதுமான சான்று அல்ல என்று மட்டும் சொன்னார்.

இனி, அந்த நீதிமன்றத்தில் காட்டப்பட்டவற்றுள் என் மனதில் ஆழமாகப் பதிந்த ஒன்று. நமக்கு 23 இணைக் குரோமோசோம்கள். சிம்பன்சி, கொரில்லா, உராங்குட்டான் மூன்றுக்கும் 24 இணை. நாம் அவற்றோடு பொது மூதாதையைப் பகிர்கிறோம் என்றால் அந்த ஓர் இணை எங்கே போனது? முழுக் குரோமோசோம் ஒன்று தொலைந்து போயிருக்க முடியாது. அதிலுள்ள மரபணுக்கள் இல்லாமல் கரு பிழைக்காது. ஆகவே மனிதர் வழித்தடத்தில் இரண்டு குரோமோசோம்கள் ஒட்டி ஒன்றாகியிருக்க வேண்டும். அப்படி நடந்திருந்தால் தடயம் எங்கே இருக்கும் என்பதையும் முன்கூட்டியே சொல்லலாம்.

ஒவ்வொரு குரோமோசோமின் இரு முனைகளிலும் டெலோமியர் என்ற பகுதி இருக்கிறது. நம் உடலில் அது டி-டி-ஏ-ஜி-ஜி-ஜி என்ற ஆறெழுத்துத் தொடர் நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் திரும்பத் திரும்ப வருவது. அது முனையில் இருக்க வேண்டியது, நடுவில் அதற்கு வேலை இல்லை. குரோமோசோமின் உட்பகுதியில், செல் பிரியும்போது இழைகள் பற்றி இழுக்கும் சென்ட்ரோமியர் ஒன்று இருக்கும். முனையோடு முனை ஒட்டிய குரோமோசோம் என்றால், அதன் உட்பகுதியில் டெலோமியர் எழுத்துகள் இருக்க வேண்டும். அதுவும் இரண்டு முனைகள் எதிரெதிராக வந்து முட்டியதால், ஒரு புள்ளி வரை ஒரு திசையிலும் அதன்பின் எதிர்த்திசையிலும் இருக்க வேண்டும். சென்ட்ரோமியரும் இரண்டு இருக்க வேண்டும். ஒன்று செயலிழந்து போயிருக்கலாம்.

மனிதனின் இரண்டாம் குரோமோசோமில் இவை எல்லாம் இருக்கின்றன. டி-டி-ஏ-ஜி-ஜி-ஜி தொடர் குரோமோசோமின் நடுப்பகுதியில் வந்து, ஓரிடத்தில் நின்று, அங்கிருந்து சி-சி-சி-டி-ஏ-ஏ என்று எதிர்நிரலாகத் தொடர்கிறது. யேல் பல்கலைக்கழகக் குழு 1991-இல் இதைப் படித்துக் காட்டியது. எழுத்துகள் பல இடங்களில் சிதைந்திருக்கின்றன; பயன்படாத பகுதியில் மாற்றங்கள் சேரத்தானே செய்யும். இரண்டாவது சென்ட்ரோமியரின் எச்சமும் கிடைத்தது. அந்தக் குரோமோசோமின் முழு வரிசையும் 2005 ஏப்ரலில், டோவர் விசாரணை தொடங்குவதற்கு ஐந்து மாதம் முன்பு, ‘நேச்சர்’ இதழில் வெளியானது. சிம்பன்சியின் இரண்டு தனிக் குரோமோசோம்களோடு வரிசை வரிசையாகப் பொருந்துகிறது. இந்தத் தழும்பு இல்லாமல் போயிருந்தால் பொது மூதாதை என்ற கருத்துக்கே பெரிய சிக்கல் வந்திருக்கும். தோற்றுப்போகும் வாய்ப்பைத் தானே வைத்துக்கொண்டு சோதனைக்கு வரும் கோட்பாட்டின் வலு இதுதான். இதைப் படிக்கிற உங்கள் உடலில், ஏறத்தாழ எல்லாச் செல்களிலும், அந்த ஒட்டுத் தழும்பு இருக்கிறது.

இதைச் சாட்சி சொன்ன மில்லர் தவறாமல் திருப்பலிக்குச் செல்லும் கத்தோலிக்கர். டார்வின் வாசனை அடிக்கிறது என்று வாரியத்தில் சிலர் வாங்க விடாமல் இழுத்தடித்த உயிரியல் பாடநூலை எழுதிய இருவரில் ஒருவரும் அவரே. அவருக்குப் பின் வந்த ஜான் ஹாட், ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தின் கத்தோலிக்க இறையியலாளர். அவரும் பெற்றோர் தரப்புச் சாட்சி. அடுப்பில் தண்ணீர் ஏன் கொதிக்கிறது என்று கேட்டால் வெப்பத்தால் மூலக்கூறுகள் வேகமாக இயங்குகின்றன என்று சொல்லலாம்; எனக்குத் தேநீர் வேண்டும், அதனால் கொதிக்கிறது என்றும் சொல்லலாம்; இரண்டும் உண்மை, ஒன்று மற்றதைத் தள்ளுவதில்லை என்று அவர் விளக்கினார். மூலக்கூறுகளுக்கு நடுவே தேநீர் ஆசையைத் தேடுவதுதான் பிழை. இதே கருத்தைப் பலர் பல விதமாகச் சொல்லியிருக்கிறார்கள். நீதிமன்றத்தில், நம்பிக்கையாளர் ஒருவர் வாயிலிருந்து வந்தபோது அதன் எடை கூடியது. இதற்கு ஒன்பது ஆண்டுகள் முன்பே, 1996-இல், பரிணாமம் வெறும் ஊகம் என்ற நிலையைத் தாண்டிவிட்டது என்று இரண்டாம் யோவான் பால் போப்பாண்டவர் தம் அறிவியல் கழகத்துக்கு எழுதியிருந்தார்.

நீதிபதி ஜான் ஜோன்ஸ் லூத்தரன் சபையைச் சேர்ந்தவர், குடியரசுக் கட்சிக்காரர், ஜார்ஜ் டபிள்யூ. புஷ் நியமித்தவர். வாரியத் தரப்புக்குச் சாதகமாக இருப்பார் என்று சிலர் எதிர்பார்த்ததும் உண்டு. 2005 டிசம்பர் 20 அன்று அவர் 139 பக்கத் தீர்ப்பை வழங்கினார். அறிவார்ந்த வடிவமைப்பு அறிவியல் அல்ல, படைப்புவாதத்தின் வழித்தோன்றல். அதை அரசுப் பள்ளி அறிவியல் வகுப்பில் நுழைப்பது அரசமைப்புக்கு முரண் என்று தீர்த்தார். பரிணாமக் கோட்பாடு கடவுள் நம்பிக்கையோடு முரண்பட வேண்டியதில்லை என்பதையும் அதிலேயே எழுதினார். வாரியத்தினர் சிலரின் நடத்தை பற்றி அவர் கடுமையாகவே சொன்னார். பள்ளிக்கு வந்த அறுபது பாண்டா புத்தகங்கள் யார் கொடுத்தவை என்று தெரியாததுபோல் அவர்கள் வாக்குமூலம் கொடுத்திருந்தார்கள். உண்மையில் வாரிய உறுப்பினர் ஒருவர் தம் சர்ச்சில் 850 டாலர் திரட்டி, இன்னொரு உறுப்பினரின் தந்தை வழியாக வாங்க வைத்தவை அவை. மதத்துக்காகப் போராடுகிறோம் என்று சொன்னவர்கள் சத்தியம் செய்துவிட்டு மறைத்தது, அந்த மதத்தை மெய்யாகவே வாழும் மக்களுக்குச் செய்த அவமதிப்பு என்றே எனக்குப் படுகிறது.

தீர்ப்புக்கு முன்பே ஊர் தன் தீர்ப்பைச் சொல்லிவிட்டது. நவம்பர் 8 தேர்தலில், போட்டியிட்ட எட்டு வாரிய உறுப்பினர்களும் தோற்றார்கள். புதிய வாரியம் அந்தத் தீர்மானத்தை நீக்கியது, மேல்முறையீடு செய்யவில்லை. எதிர்த்தரப்பின் வழக்குச் செலவுக்காக 10 லட்சம் டாலர் கட்ட வேண்டி வந்தது. பள்ளிப் பிள்ளைகளுக்குச் செலவாகியிருக்க வேண்டிய பணம்.

நம் நாட்டில் 2023-இல் என்.சி.இ.ஆர்.டி. பத்தாம் வகுப்பு அறிவியல் நூலிலிருந்து பரிணாமப் பகுதியை எடுத்துவிட்டது. சொல்லப்பட்ட காரணம் பாடச்சுமைக் குறைப்பு. 1,800-க்கும் மேற்பட்ட அறிவியலாளர்களும் ஆசிரியர்களும் எதிர்த்துக் கையெழுத்திட்டார்கள். பன்னிரண்டாம் வகுப்பு உயிரியலில் பாடம் இருக்கிறது என்பது ஆறுதலாகாது. பத்தாம் வகுப்புக்குப் பின் உயிரியலை எடுக்காத பிள்ளைகளே அதிகம். அவர்கள் தங்கள் உடலின் வரலாற்றை வகுப்பறையில் ஒருமுறையும் கேட்காமலே பள்ளியை விட்டுப் போவார்கள். டோவரின் அறிக்கையாவது பரிணாமத்தைக் குறை சொல்லிவிட்டுப் பாடத்தை நடத்த விட்டது.

அறிக்கை பேசிய ‘இடைவெளிகள்’ பற்றிக் கடைசியாக. கோட்பாட்டில் விடை தெரியாத இடங்கள் இருப்பது உண்மை. அவற்றை மாணவர்களுக்குச் சொல்லவும் வேண்டும், கேள்வி கேட்க அனுமதித்துச் சொல்ல வேண்டும். இடைவெளியை அறிவியலாளர்கள் என்ன செய்கிறார்கள் என்பதற்கு நல்ல எடுத்துக்காட்டு டோவர் இருக்கும் அதே மாநிலத்தில் தொடங்குகிறது. மீன்களுக்கும் நான்கு கால் உயிர்களுக்கும் இடைப்பட்ட வடிவங்கள் இல்லை என்பது பாண்டா புத்தகத்தின் வாதங்களில் ஒன்று. பிலடெல்பியா இயற்கை அறிவியல் கழகத்தின் டெட் டேஷ்லரும் சிகாகோவின் நீல் ஷூபினும், பென்சில்வேனியாவில் சாலை போட மலையை வெட்டிய ஒரு சரிவில் 36 கோடி ஆண்டுகளுக்கு மேற்பட்ட நாற்கால் உயிரின் எலும்பை 1990-களில் எடுத்திருந்தார்கள். அதற்கு ஏறத்தாழ 2 கோடி ஆண்டு முந்தைய பாறைகளில் கிடைப்பவை மீன்கள். அப்படியானால் இடைப்பட்ட உயிரை, 37.5 கோடி ஆண்டு வயதுள்ள ஆற்றுப் படிவுப் பாறையில் தேட வேண்டும். நிலவியல் வரைபடத்தில் அத்தகைய பாறை வெளியே தெரியும் இடத்தைத் தேடி, கனடாவின் வடகோடித் தீவுகளுக்கு 1999 முதல் போனார்கள். முதல் பயணங்களில் தேடியது கிடைக்கவில்லை. 2004-இல் அங்குள்ள எல்ஸ்மியர் தீவில், பாறையிலிருந்து ஒரு தட்டையான மூக்கு நீட்டிக்கொண்டிருந்தது.

டிக்டாலிக் என்று பெயரிடப்பட்ட அந்த உயிருக்குச் செதிலும் துடுப்பும் உண்டு. மீனுக்கு இல்லாத கழுத்தும் உண்டு. துடுப்புக்குள்ளே தோள், முழங்கை, மணிக்கட்டு போன்ற எலும்புகள். ஹாரிஸ்பர்கில் இடைவெளிகள் பற்றி வாதம் நடந்துகொண்டிருந்த நாட்களில், பிலடெல்பியாவிலும் சிகாகோவிலும் அந்த எலும்புகளைச் சுற்றியிருந்த கல்லைச் சிறு சிறு சில்லாக எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஆய்வுக் கட்டுரை 2006 ஏப்ரலில் வந்தது.

அத்தோடு எல்லாம் முடிந்தது என்று யாரும் சொல்லவில்லை. 2010 ஜனவரியில் போலந்தின் ஒரு பழைய கல்குவாரியிலிருந்து, டிக்டாலிக்கைவிட ஒன்றரைக் கோடி ஆண்டுக்கும் மேல் மூத்த நாற்கால் சுவடுகள் கிடைத்திருப்பதாக ‘நேச்சரில்’ ஒரு குழு எழுதியது. அது சரியென்றால் டிக்டாலிக் நம் நேரடி மூதாதை ஆக முடியாது. கால் முளைத்த உயிர்கள் ஏற்கெனவே நடந்துகொண்டிருந்த காலத்தில் எஞ்சியிருந்த உறவினர் அது. அவை கால்தடங்களே அல்ல, மீன்கள் தரையைக் கிளறிய பள்ளங்கள் என்று வாதிடுவோரும் உண்டு. 2014-இல் டிக்டாலிக்கின் இடுப்பெலும்பு வெளியிடப்பட்டது. முன்துடுப்பே பெரிது, பின்பக்கம் சின்னது என்றுதான் அதுவரை நினைத்திருந்தார்கள். இடுப்பெலும்பு தோள் அளவுக்கே பெரிதாக இருந்தது. கண்டுபிடித்தவர்களே தங்கள் பழைய கருத்தைத் திருத்திக்கொண்டார்கள். போலந்துச் சுவடுகளை விட்டவை எவை என்று சொல்ல, அந்த வயதுப் பாறையில் ஓர் எலும்பு கிடைக்க வேண்டும், இன்னும் கிடைக்கவில்லை.